தவிக்கும் பிள்ளைகளுக்கு ஊர் என்ன செய்யலாம்: ஹெல்ப்லைனா, முகாமா, பள்ளியில் ஓர் ஆளா?

ஒரு பள்ளியிலோ தெருவிலோ ஒரு பிள்ளையைத் தற்கொலையால் இழந்துவிட்டால் அடுத்த வாரமே ஒரு கூட்டம் நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவினர், இளைஞர் மன்றத்தினர், வார்டு கவுன்சிலர், ஊரில் பெயர் சொன்னால் தெரியும் நாலு பேர் வருவார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு அந்த அறையில் நிஜமாகவே இருக்கும். அரை மணி நேரத்தில் யோசனைகள் வந்துவிடும். நாமே ஒரு ஹெல்ப்லைன் ஆரம்பிக்கலாம். டாக்டரைக் கூப்பிட்டு முகாம் வைக்கலாம். மாணவர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுக்கலாம். பள்ளியில் மனநல ஆலோசகர் (கவுன்சிலர்) ஒருவரைப் போடலாம். இருக்கிற காசும் ஆட்களும் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் போதும். எதை எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் அவசரப்பட்டு, சீக்கிரம் கண்ணுக்குத் தெரிவதை எடுத்துவிடுகின்றன. இப்படிப்பட்ட கூட்டங்களில் பலமுறை உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். அந்த ஆண்டில் மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான் இருந்தது. பேச்சு எடுத்தாலே நீட், பிளஸ் டூ ரிசல்ட் என்று போய்விடுகிறோம். பரீட்சை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் வேலூர் அருகே கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10 வயதிலிருந்து 19 வயது வரையிலானவர்களின் மரணங்களை ஆராய்ந்தபோது, ஒரு லட்சம் பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 148 பேரும், ஆண் பிள்ளைகளில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். முழுக்கக் கிராமப்புறம். நீட் என்ற பெயரே யாரும் கேள்விப்படாத காலம். ஆகவே கோச்சிங் சென்டர் பிள்ளையை மட்டும் மனதில் வைத்துத் திட்டம் போட்டால், வீட்டுச் சண்டையிலும் காதல் விவகாரத்திலும் மாட்டிக்கொண்டு யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை விட்டுப்போகும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஹெல்ப்லைன் வேண்டாம். பிள்ளை தினமும் நடமாடும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவருக்கும் மாவட்ட மனநல மருத்துவருக்கும் இடையே நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். காசை அங்கே போடுங்கள். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஹெல்ப்லைன் ஏன் வேண்டாம் என்றால், நல்லவை ஏற்கெனவே இருக்கின்றன. அரசின் மனநல ஹெல்ப்லைனான டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண் 14416. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதற்குத் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதை ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துகிறார்கள். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் ஒருவர் எடுப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார். இதே மாதிரி ஒன்றை ஓர் ஊர் மன்றம் நடத்த வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்குப் போன் எடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் போன மாதமும் இந்த மாதமும் அடுத்த வருடமும் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் உற்சாகமாக ஓடும். அப்புறம் அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். கடைசியாக ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று அழைக்கும் பிள்ளைக்கு, எடுக்கப்படாத அழைப்பைவிடக் கொடியது வேறில்லை.

சென்னையில் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கியது. எண் 044 24640050. இங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மருந்து எழுத மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். “மருத்துவர்” என்ற சொல்லுக்கே பின்வாங்கும் பிள்ளைக்கு இது ஒத்துவரும். மருந்து தேவைப்படும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 14416 பொருத்தம். வீட்டிலேயே அடி, பாலியல் தொல்லை, கட்டாயக் கல்யாணம் என்றால் இரண்டையும் விடக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 சரி. ஏனென்றால் அங்கே பேச்சோடு நிற்காது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நேரில் வரும். பிள்ளை ஏற்கெனவே தனக்கு ஏதாவது செய்துகொண்டிருந்தால் எந்த ஹெல்ப்லைனும் வேண்டாம், உடனே 108. இந்த வித்தியாசம் ஆசிரியர்களுக்கே பல பேருக்குத் தெரியாது. ஆறு எண்களை ஒரே போஸ்டரில் அடுக்கி ஒட்டுவதைவிட, எதற்கு எது என்று ஒரு வரி சேர்த்து இரண்டு மூன்று எண்களைப் போட்டால் உதவும்.

சரி, எண் இருக்கிறது. பிள்ளை எங்கிருந்து பேசும்? ஒரு ஹால், ஒரு சமையலறை உள்ள வீடு. ஹாலில் டிவி, அதற்கு முன்னால் அப்பா, தம்பி, பாட்டி. போன் அம்மாவுடையது. பேசி முடித்ததும் கால் லிஸ்டில் அந்த எண் நிற்கும், அழித்தாலும் எதற்கு அழித்தாய் என்று கேள்வி வரும். மாடிக்குப் போனால் யாரோடு பேசுகிறாய் என்று கீழேயிருந்து குரல் வரும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது பத்து மடங்கு. ஹெல்ப்லைனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பள்ளியிலேயே கதவு சாத்திப் பேசக்கூடிய ஓர் அறையும், அங்கே அழைக்க ஒரு போனும் இருந்தால் அதே 14416 பல மடங்கு பயன்படும். ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது அதுதான்.

முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு நாள், மைதானத்தில் பந்தல், ஒன்றரை மணி நேரப் பேச்சு. கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அன்று மாலை ஒரு பிள்ளைக்குப் பேச வேண்டும் என்று தோன்றினால் அந்த டாக்டர் ஊரில் இருக்க மாட்டார். அடுத்த நாள் போய்ப் பேச ஓர் ஆள் இருக்கும் பள்ளியில் முகாம் வையுங்கள், அந்த ஆளை மேடையில் அறிமுகப்படுத்துங்கள். அதற்குத்தான் முகாம் சரி. அரசுப் பள்ளிகளில் இருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டியும் இப்படித்தான். புகார் எழுதிப் போட நல்ல ஏற்பாடு. ஆனால் இன்று இரவைத் தாண்ட முடியுமா என்று தெரியாத பிள்ளை, பெட்டியை எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்க முடியாது.

அடுத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கூட்டங்களில் அதிக ஆதரவு கிடைப்பது இதற்குத்தான், செலவு குறைவு என்பதால். இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சில பள்ளிகளில் மாணவர்களோடே உட்கார்ந்து மனநலம், நெருக்கடி, உதவி கேட்பது பற்றி நடித்தும் விவாதித்தும் வகுப்பு நடத்தினார்கள். வேறு சில பள்ளிகளில் கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, தற்கொலை முயற்சிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது மாணவர்களோடு வகுப்பு நடத்திய பள்ளிகளில்தான். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அப்படிக் குறையவில்லை.

ஐரோப்பா நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். சரி, பீகாருக்கு வருவோம். நாளந்தா மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் நலத்துக்கான ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டும், சில பள்ளிகளில் அதற்கென்றே நியமித்துப் பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆட்களைக் கொண்டும் நடத்தினார்கள். 2018-ல் முடிவு வந்தது. உள்ளூர் ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மாணவர்களின் மனச்சோர்வு குறைந்தது, அடிதடியும் கேலிக் கொடுமையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படி ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்வுப் பணி, பாடத்தை முடிக்கும் அவசரம் இவற்றுக்கு நடுவே இதையும் பார் என்றால் யாரால் முடியும்? இன்னொன்று, மார்க் போடுகிறவரிடமே மனதைத் திறக்க எந்தப் பிள்ளையும் யோசிக்கும். உள்ளூர் ஆட்கள் பெரிய பட்டதாரி டாக்டர்கள் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒழுங்கான பயிற்சியும், மேலே கேட்டுக்கொள்ள ஒரு நிபுணரும் இருந்தால் நம் ஊரில் உளவியலோ சமூகப் பணியோ படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களை வைத்தே இதைச் செய்யலாம். பக்கத்துப் பக்கத்து மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை நியமித்து, கிழமைகளைப் பிரித்துக்கொண்டால் செலவும் கைக்கு அடங்கும்.

ஆளைப் போட்டால் மட்டும் போதாது, எங்கே உட்கார வைக்கிறீர்கள் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பள்ளியில் கவுன்சிலருக்குத் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே இருந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். நல்ல அறை, புது ஃபேன், சுவரில் படங்கள். யாருமே போகவில்லை. உள்ளே நுழைந்தாலே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள், ‘அந்தப் பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை’ என்று மதியத்துக்குள் பரவிவிடும். அப்புறம் நூலகத்துக்கு உள்ளே ஒரு மூலையைத் தட்டி அடைத்து மாற்றினார்கள். நூலகத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் போவார்கள் அல்லவா? புத்தகம் எடுக்கப் போகிற சாக்கில் மதிய இடைவேளையில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் வந்து எதுவும் பேசாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டுப் போன பெண், நாலாவது முறை வந்தபோதுதான் பேசினாள். வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் கவுன்சிலராக இருந்தால் அந்த நாலாவது முறை ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கும்.

ரகசியம் காப்பது பற்றித் தொடக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். நீ சொல்வது வெளியே போகாது என்று மொத்தமாக வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோருக்கோ நம்பகமான வேறு பெரியவருக்கோ சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றம் நடந்திருந்தால் 2012 போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்டவர் யாராக இருந்தாலும் புகார் கொடுப்பது கட்டாயம். இந்த இரண்டையும் முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், பிறகு சொல்ல வேண்டி வரும்போது நம்பிக்கை உடையாது. ஹெல்ப்லைனில் பெயர் சொல்லாமல் பேசலாம் என்பது இந்த இடத்தில் அதற்கு உள்ள பெரிய அனுகூலம். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

சக மாணவர் குழுவைப் பற்றி எனக்கு ஆசையும் உண்டு, பயமும் உண்டு. பிள்ளைகள் முதலில் சொல்வது நண்பர்களிடம்தான். ஆகவே என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி. போன்ற பள்ளிச் சேவைக் குழுக்களில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது நல்லது. ஆனால் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ என்று கேட்டுவிட்டு ஒரு பிள்ளை மனதில் இருப்பதைச் சொன்னால், பதினாறு வயதுப் பிள்ளை அதை இரவெல்லாம் சுமக்கும். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும். அதனால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மிகக் குறைவு. கேள், தனியாக விடாதே, அன்றைக்கே ஒரு பெரியவரிடம் கூட்டிப் போ, சத்தியத்தை மீறினாலும் பரவாயில்லை. கூட்டிப் போக அந்தப் பெரியவர் பள்ளியில் இல்லாமல் மாணவர் குழுவை மட்டும் தொடங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

நேராகக் கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. ‘சாகணும்னு தோணுதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோரும் ஆசிரியரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சுமை இறங்குகிறது. அதட்டாமல், அழாமல், அவசரப்படாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனைக்கு வருவோம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அப்படியிருந்தும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது, மருந்து இலவசம். சிக்கல் வேறு இடத்தில். ஓ.பி. காலையில், பள்ளி நேரத்தில். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் வேறு. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரை இன்றைக்கும் திட்டுவதற்குப் பயன்படுத்தும் ஊர் நம்முடையது, கூச்சம் வராமல் எப்படி இருக்கும்? ஆகவே ‘ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பினால் பாதிப்பேர் போக மாட்டார்கள். கவுன்சிலரோ மன்றத்து ஆள் ஒருவரோ முதல் முறை கூடவே போக வேண்டும். எந்த அறை, எந்தக் கிழமை, யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் முயற்சி செய்த பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தாலும் 18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, காப்பாளரோ அவர் நியமிக்கும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாலே முகாமைவிட நல்ல காரியம்.

கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று முதலில் போகும் குடும்பங்களைப் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை. நம்பிக்கை அவர்களைத் தாங்குகிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை மறக்கவும் முடியாது. மந்திரிக்கட்டும், வேண்டிக்கொள்ளட்டும். கட்டிப்போடுவதும் மருந்தை நிறுத்துவதும் மட்டும் கூடாது என்று பூசாரியிடமும் ஹஜ்ரத்திடமும் பாஸ்டரிடமும் பேசி வைக்கலாம். பேசினால் பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள்.

இனி, இந்தக் கூட்டங்களில் யாருமே எழுப்பாத ஒன்று. மற்ற எல்லாவற்றையும்விட மலிவானது, எனக்கு மிகவும் முக்கியமானது. ஒரு முறை முயன்று பிழைத்து வந்தவரைத் தொடர்ந்து விசாரிப்பது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அவற்றில் சென்னையும் கொழும்பும் உண்டு. மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்புகொண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். ஒன்பது தொடர்புகள், அவ்வளவுதான். முதல் சிலவற்றை வாரக்கணக்கிலும் பிறகு மாதக்கணக்கிலும் வைத்திருந்தார்கள். இதற்குக் கட்டடம் வேண்டாம், பந்தல் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு போனும் மறக்காத ஓர் ஆளும் போதும். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் இதை அவர் வேலையில் எழுத்தில் சேருங்கள். இல்லாத ஊரில் கிராமச் சுகாதாரச் செவிலியரையோ மன்றத்தில் பொறுப்பான ஒரு அக்காவையோ இதற்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

வீட்டில் செய்யவும் ஒன்று உண்டு. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைப்பது. நெருக்கடி உச்சத்தில் இருப்பது பல சமயம் சில மணி நேரமே. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிட்டங்கியில் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள், விவசாயிகளும் ஏற்றுக்கொண்டார்கள். விவசாய ஊரில் மன்றத்திடம் கொஞ்சம் காசுதான் இருக்கிறதென்றால் நான் போஸ்டருக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

சென்னை, கோவை மாதிரி நகரங்களில் தனியார் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஸ்நேகா இருக்கிறது. அங்கே ஊர் மன்றத்தின் காசு கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு வழி ஏற்படுத்தப் போகலாம். சிறு ஊர்களில் பள்ளிக்கு ஒரு ஆள், ஜி.எச்.சுக்குக் கூடவே போவது, நோட்டு வைத்து விசாரிப்பது என்ற வரிசை. கவுன்சிலருக்குச் சம்பளம் கொடுக்கவே முடியாத ஊரில் கடைசி இரண்டை மட்டும் செய்தாலும் போதும், அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆள் போடுவதென்று முடிவானால் ஒப்பந்தம் எழுதும்போது ஒரு விஷயத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் ஜூன் முதல் ஏப்ரல் வரை என்று போட்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது, பள்ளி அப்போது பூட்டிக் கிடக்கும், பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். தோற்றவர்களுக்கு அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு என்பதை அந்த வாரத்தில் நேரில் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். சம்பளத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டு, விடுமுறையை மே மாதத்தில் கொடுக்காமல் வேறு மாதத்தில் கொடுங்கள்.